ஒரு ‘சாப்டியா’வைக் கொடுத்துவிட்டு வந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முட்டிவலியை நலத்தில் சேர்க்கலாமா என்றுதான் தெரியவில்லை. நீயும் நன்றாக இருப்பாய் என்று எழுத ஆசை, ஆனால் நேற்று போனில் உன் குரல் சளி கட்டியிருந்தது, இல்லை என்று சாதிக்காதே. தினம் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், அப்புறம் நானும் சிரிக்க வேண்டி வரும். சிரிக்கிற நிலையில் நான் இல்லை, வயிறு எரிகிறது.

நம் தடியனைத் தெரியுமில்லையா, நான் வேலை பார்க்கும் நாய்கள் காப்பகத்தில் கடைசிக் கூண்டில் இருந்த மஞ்சள் லாப்ரடார், வீடு மாறிப் போனவர்கள் எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனது. வந்த புதிதில் கிண்ணத்தை வைத்தால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பானே தவிர வாய் வைக்க மாட்டான். லாப்ரடார் சாப்பிட மறுக்கிறதா என்று டாக்டரே தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய வீட்டில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னால்தான் தொட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள், அது என்ன வார்த்தை என்று நாங்களும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தோம். அப்போதுதான் ஒருநாள் அவன் பக்கத்தில் நின்று உனக்குப் போன் போட்டேன், வழக்கம்போல எடுத்ததும் சாப்டியா என்று கேட்டேன், அவ்வளவுதான், குனிந்தவன் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். அந்த வீட்டிலும் ஓர் அம்மா இருந்திருப்பாள் போலிருக்கிறது. அதற்கப்புறம் உன்னைக் கேட்கிறேனா அவனைக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியாது, நீ பதில் சொல்வதற்குள் அவன் முடித்திருப்பான்.

எங்களிடம் இடம் போதாது என்பதால் மேனேஜர், லாப்ரடார்களை மட்டும் மீட்கும் ஒரு குழுவோடு கைகோத்திருக்கிறார். இங்கே லாப்ரடார் வந்தால் அவர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு நல்ல குடும்பமாகத் தேடிக் கொடுப்பார்கள், பதிலுக்கு எங்கள் கலப்பு நாய்களின் படங்களையும் தங்கள் ஆட்களிடம் காட்டுவார்கள். நம் ஒற்றைக்காதுக்காரிக்கு வீடு கிடைத்ததுகூட அப்படித்தான். ஒரு கூண்டு காலியானால் தெருவில் கிடக்கும் ஒன்று உள்ளே வரும், நல்ல ஏற்பாடு என்று நானே எல்லோரிடமும் புகழ்ந்திருக்கிறேன், தடியன் முறை வரும்வரை. கூட்டிப்போக வந்த கார்க்காரம்மாவுக்கு என் வயதுதான், சட்டையில் ஒரு கசங்கல் இல்லை, ஒரு முடி ஒட்டவில்லை, நாய் வளர்க்கிறவளாம். பின்சீட்டில் மெத்தை. இவன் ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் படுத்துக்கொண்டான், நன்றிகெட்ட கழுதை.

மறுநாளே அந்தம்மாவிடமிருந்து போன், எதை வைத்தாலும் சாப்பிட மாட்டேங்கிறானே, என்ன பண்ணட்டும் என்று. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பழகினா சரியாயிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்த அப்பா, உனக்கு அவங்க மேல கோபம், பட்டினி கெடக்கறது அவனா என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அடுத்த நாள் அந்தம்மா மறுபடி கூப்பிட்டு, எந்திரிக்கவே தள்ளாடுறான், நீங்களே வந்து ஊட்டிடுங்க, உங்க பிள்ளைதானே என்று அழுதுவிட்டார். உங்க பிள்ளை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நானே சொல்லி ஊட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு யார் சொல்வது? சொல்லிக் கொடுத்தேன். அந்தம்மா ரொம்ப மரியாதைக்காரி, அவன் முன்னால் மண்டிபோட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். தடியன் என்னைப் பார்த்தான். ‘ங்க’ எல்லாம் வேண்டாம், குரலில் கோபம் வந்தாலும் வரட்டும், பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோல் கேளுங்கள் என்றேன். நாலைந்து முறை தடுமாறி, கடைசியில் சாப்டியாடா என்று கேட்டார் பார், மூக்கு முங்க இறங்கிவிட்டான். முடித்ததும் என்னிடம்தான் வருவான் என்று புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அந்தம்மா காலடியில் போய்ப் படுத்தான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி ஒரு குடும்பம் பார்த்துக் கொடுப்பார்கள், அங்கே வேறு யாரோ சொல்வார்கள்.

சளிக்கு வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நான் போன் போட்டதும் முந்திக்கொண்டு சாப்டேன்மா என்று சொல்லாதே, என்னைக் கேட்க விடு. போன வாரம் நீ, கவலைப்படாதம்மா, கீழ்வீட்டு ஆன்ட்டி தெனமும் கேட்டுட்டுதான் கதவைச் சாத்துவாங்க என்றாய். அந்த ஆன்ட்டி உன்னை எப்படிக் கேட்கிறார்? சாப்பிட்டீங்களா என்று கேட்டால் சந்தோஷம், என் வணக்கத்தைச் சொல். சாப்டியா என்றுதான் கேட்கிறார் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம், ஆனால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
அம்மா