நிலம் பிளந்த இடத்தில் இல்லாத கடை

லெப்பைக்குடிக்காடு,
மே 12.

அஸ்ரினின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. செல்லில் உங்கள் குரலைக் கேட்டால் திட்ட வந்ததை மறந்து அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளை சவூதிக்கு, யான்புக்குத் திரும்பும் நம் ஊர் அல்தாப், காய்கறி வண்டியில் உங்கள் பக்கம் வரும்போது இதைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளின் நிக்காஹ் முடிந்தது. நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் உங்கள் அண்ணன் அப்துல் லத்தீப் உட்கார்ந்தார். "பொண்ணோட அத்தா எங்க?" என்று நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் கேட்டதற்கு, "மதீனாவுல சூப்பர் மார்க்கெட் மேனேஜருங்க, லீவு கிடைக்கல" என்றார்.

சம்பந்தியம்மா ரஷீதா என் காதில் விழும்படியே, "மேனேஜருக்கே லீவு இல்லன்னா அங்க யாருக்குத்தான் லீவாம்?" என்றார். எனக்கு அந்தப் பாயிலேயே உட்கார முடியவில்லை.

டிக்கெட் போட்டாகிவிட்டது என்றீர்கள். கடைசி நேரத்தில் முதலாளி விடவில்லை என்றீர்கள். ஆறு வருஷம் கழித்து ஒரே ஒரு நாள் கேட்டேன். "போட்டோ அனுப்பினேம்மா, அத்தாவுக்கு ரெண்டாவது டிக் விழல" என்று அஸ்ரின் நான்கு முறை சொன்னாள். எனக்குப் பதில் வேண்டும்.

மர்ஜியா.


மதீனா,
மே 17.

அன்புள்ள மர்ஜியாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உன் கோபம் நியாயம்தான். முதலாளிக்கு ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் இருக்கிறது. கடை ஆட்களைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பியிருக்கிறார். சிக்னல் கிடைப்பதில்லை.

இந்த இடத்தை நீ பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்புக் கல். ஆலத்தியூர் பக்கம் நான் டிப்பர் ஓட்டியபோது சுண்ணாம்புக் கல்லில் சங்கும் சிப்பியும் ஒட்டியிருக்கும்; ஒரு காலத்தில் கடல் என்பார்கள். இங்கே இருந்தது நெருப்பு. தண்ணீராக ஓடிவந்து உறைந்த கல். ஓடிய மடிப்புகூட அழியவில்லை, வெல்லப்பாகு இறுகியது போல. நடுநடுவே கவிழ்த்த சட்டி மாதிரிக் குன்றுகள். அவற்றின் வாய் வழியாகத்தான் எல்லாம் வெளியே வந்ததாம். அந்தக் கல்லைக் கையில் எடுத்தால் கனமே இருக்காது, தேன்கூடு போல ஓட்டை.

பத்து நாளாக நிலம் நடுங்குகிறது. நடுக்கத்தை அளக்கக் கருவி வைக்க வந்த சூடான்காரர் இத்ரீஸ் விவரம் சொன்னார். கீழே உருகிய பாறை ஏறிக்கொண்டிருக்கிறதாம். வெளியே கொட்டினால் பழைய நிலத்தை மூடிப் புது நிலம் போடும். கொட்டாவிட்டாலும் நிலத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். செங்கடலே அப்படி விலகி விலகி உண்டானதுதானாம். பயப்படாதே.

அஸ்ரினுக்கு என் துஆ.

உபைத்.


லெப்பைக்குடிக்காடு,
ஜூன் 9.

அஸ்ரினின் அத்தாவுக்கு,

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

கல்லைப் பற்றி ஒரு பக்கம். பெற்ற மகளைப் பற்றி மூன்று வார்த்தை. அதைப் படித்துக் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் டிவியில் அந்தச் செய்தி வந்தது. நிலநடுக்கம், தரை பிளந்துவிட்டது, ஊர் ஊராக ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் என்று. உங்கள் போன் அணைந்து கிடந்தது.

திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். கடையின் பெயரை நீங்கள் சொன்னபடியே எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் போனேன். சுகன்யா என்ற அதிகாரி கூப்பிட்டு, "அம்மா, அந்தப் பேருல மதீனாவுல கடையே இல்லைன்னு தூதரகத்துல சொல்றாங்க. நல்லா விசாரிச்சிட்டு வாங்க" என்றார்.

"ஆறு வருஷமா என் வூட்டுக்காரரு அங்கதாங்க இருக்காரு! நீங்க இல்லன்னா இல்லாமப் போயிடுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்று அல்தாபைக் கூப்பிட்டேன். வழி திறந்து முந்தின நாள்தான் உங்களை உயிரோடு பார்த்தானாம். பிறகு, "கடையெல்லாம் இல்லக்கா. அண்ணன் ஆடு மேய்க்கிறாரு. ஆரம்பத்துலேருந்தே அதான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றான்.

உங்களைத் தேடியவர்கள் மதீனாவில் கடை கடையாகத் தேடியிருக்கிறார்கள். நீங்கள் பிளந்த நிலத்தில் ஆட்டோடு நின்றிருக்கிறீர்கள். பதினொரு நாள்! இருக்கிறாரா, இல்லையா, நான் விதவையாக இத்தா இருக்க வேண்டுமா என்று யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் பதினொரு நாள். பூகம்பம் உங்களை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் பொய்தான் கொல்லப் பார்த்தது.

யாருக்காக நடத்தினீர்கள் அந்தக் கடையை? எனக்காகவா?

மர்ஜியா.


ஜூன் 21.

மர்ஜியா,

மேலே ஊர் பெயர் எழுதவில்லை. இந்த இடத்துக்குப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

ஏஜென்ட் கடை என்றுதான் சொன்னான். விமான நிலையத்திலிருந்து பிக்கப் வண்டியில் ஏற்றி நேராக இந்தக் கல்காட்டில் இறக்கினார்கள். முதல்முறை போன் பேசியபோது, "கடையில ஏசி இருக்கா?" என்று நீ சந்தோஷமாகக் கேட்டாய். இருக்கிறது என்றேன். அதன் பிறகு இறங்கி வர வழி தெரியவில்லை. மேனேஜர் ஆனதும் அப்படித்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம். இங்கே தங்கும் அனுமதியான இகாமா காலாவதியாகி இரண்டு வருஷம். டிக்கெட் எதுவும் போடவில்லை.

பெரிய நடுக்கம் வந்தது நல்ல வெயிலில். ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேய்வதை நிறுத்தின. வெடி வைத்தது போல ஒரு சத்தம், என் காலுக்கு அடியிலிருந்து. பட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே நிலம் கோடு போட்டது போலப் பிளந்து ஒரு முழம் விலகியது. கிணற்றுப் பக்கம் கீழே இறங்கிவிட்டது. முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, "ஆட்டைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிப் போய்விட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மீட்பு வண்டி வந்தது. உருதுவிலும் கூப்பிட்டார்கள், யாராவது இருக்கிறீர்களா என்று. காகிதம் இல்லாதவன் என்று பிடித்துப் போவார்களோ என்ற பயத்தில் கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது.

உருகிய பாறை வெளியே வராமல் அடியிலேயே நின்றுவிட்டதாம். ஆனால் பிளந்தது இனிச் சேராது, இறங்கிய பக்கம் ஏறாது என்கிறார் இத்ரீஸ். மழைத் தண்ணீர்கூட இனி வேறு பக்கம்தான் ஓடும்.

ஊருக்கு வர எனக்கு முகம் இல்லை. நீ குலா கேட்டுப் பிரிந்தாலும் சம்மதிக்கிறேன்.

உபைத்.


லெப்பைக்குடிக்காடு,
ஜூலை 6.

அஸ்ரினின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குலா வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்குவேன். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை கிழிக்கப் போனேன். பிறகு அஸ்ரினைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். "அஸ்ரினோட அத்தா மேனேஜர் இல்லீங்க, ஆடு மேய்க்கிறாரு" என்று உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

ரஷீதா வாசல் கதவைச் சாத்தினார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு ரியாத்துல கக்கூஸ் கழுவினாரு. பத்து வருஷமும் ஆபீஸுன்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரியும்னு இன்னிக்கும் அவருக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம் இன்னும் ஏறியது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இந்தக் கடை நடக்கிறதோ!

மறுநாள் கலெக்டர் ஆபீஸில் புது மனு கொடுத்தேன். வேலை: ஆடு மேய்ப்பது. பாஸ்போர்ட்: முதலாளி கையில். இத்ரீஸ் குறித்துக் கொடுத்த இடத்தை அல்தாப் போனில் அனுப்பினான், அதையும் எழுதினேன். சுகன்யா மேடம் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "இப்ப தேடிடலாம்மா" என்றார். நகலை இதோடு வைத்திருக்கிறேன். தூதரக ஆட்கள் யான்புக்கு வரும் நாளை அல்தாப் சொல்வான். அவனோடு போங்கள். ஆட்டை யாரிடம் விடுவது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அஸ்ரினும் உங்களிடம் கேட்க நிறைய வைத்திருக்கிறாள். கோபம் தீர்ந்த பிறகு கூப்பிடலாம் என்றால் அது எப்போது தீருமோ தெரியாது. அதனால் கோபத்தோடேயே கூப்பிடுகிறேன்.

வாருங்கள்.

மர்ஜியா.