ஜன்னலோர பெஞ்சில் ஆள் இருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீ சுகம் என்று போனில் கேட்டாயிற்று, ஆனாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொன்னாலும் சொன்னார், இவள் அதையே சாக்காக வைத்து மாடியில் துணி காயப்போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். தம்பிக்கு ஷிப்டு மாறிவிட்டது, எப்போது வருகிறான் எப்போது போகிறான் என்றே தெரியவில்லை, நான்கு நாளாக நான் பார்த்தது அவன் செருப்பை மட்டும்தான். குளிரில் உனக்குக் காது வலிக்குமே, மூடிக்கொண்டு போ, யார் சிரித்தால் நமக்கென்ன.

நான் மறுபடி பள்ளிக்கூடம் போவதை அம்மா சொல்லியிருப்பாள். டிராயிங் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், மூன்று மாதத்துக்கு நீங்கள் வாருங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார், ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, கிளம்பிவிட்டேன். நான்காம் வகுப்பு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். நீ நான்காவது படித்தபோது நானே உனக்கு வாத்தியாராக வந்து நின்றேனே, அதே அறை. முதல் வாரம் கோடு மட்டும், ஸ்கேலும் கூடாது ரப்பரும் கூடாது. அடுத்த வாரம் வட்டம், மணிக்கட்டைத் திருப்பாமல் தோளிலிருந்து கையைச் சுழற்றச் சொன்னேன், ஒரு பயல் சுழற்றிய வேகத்தில் பக்கத்துப் பயலின் மூக்கு உடையாமல் தப்பியது. பிறகு பெட்டி, பிறகு கையை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளவெடுப்பது. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வகுப்பறையை வரையச் சொன்னேன். தெரிஞ்சத வரையாதீங்க, கண்ணுக்குத் தெரியறத மட்டும் வரைங்க என்று நான் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பித் திருத்த உட்கார்ந்தேன். ஜன்னலோர வரிசையில் கடைசிக்கு முந்தின பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும், அதன் கால் ஒன்று ஆடுவதால் யாரையும் உட்கார வைப்பதில்லை. ஆனால் படங்களில் அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்தில் என்றால் பிள்ளையின் கற்பனை என்று விட்டிருப்பேன், மூன்று நான்கில் என்றால் காப்பி என்று சிரித்திருப்பேன். இருபத்தெட்டிலும் இருந்தாள் பாப்பா. அதைவிட என்னை உலுக்கியது வேறு. பின்னால் இருப்பவன் அவள் முதுகை வரைந்திருந்தான், சுவரோரம் இருந்தவள் பக்கவாட்டு முகத்தை, முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து நேர் முகத்தை. காப்பி அடித்தால் கோணம் மாறாது. ஒரே ஆளைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தால்தான் அப்படி வரையமுடியும். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கோணல்மாணல் கோடுதான், ஆனாலும் ஒட்ட வெட்டிய முடி, காதுக்கு மேலே தையல் போட்ட தழும்பு, பட்டன் மாற்றிப் போட்ட ஸ்வெட்டர், காகிதத்தை யாரும் பார்க்காமல் மறைத்து வளைத்து வைத்த இடது கை, இதெல்லாம் படத்துக்குப் படம் மாறவே இல்லை.

ஊஞ்சலிலிருந்து விழுந்து உனக்குத் தையல் போட்டு முடியை வெட்டியது நீ நான்காவது படித்த அந்த வருடம்தானே. உனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்துபோனேன். அதனால்தான் அன்றைக்குத் திடீரென்று போன் செய்தேன். நீயும் என்னப்பா இந்த நேரத்துல, ஆபீஸ்ல இருக்கேன் என்று எரிந்து விழுந்தாய். உன் எரிச்சல் அவ்வளவு இனிமையாக என் காதில் எப்போதும் விழுந்ததில்லை. சும்மா குரல் கேட்கத்தான் என்று வைத்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் ஒன்றும் நடக்காதது போல, எல்லோரும் நல்லா வரைஞ்சிருக்கீங்க, அந்த பெஞ்சில இருக்கறது யாரு என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு வாயாடி இருக்கிறாள், அவள் எழுந்து, யாருன்னு தெரியாது சார், நீங்கதானே கண்ணுக்குத் தெரியறத வரையச் சொன்னீங்க என்றாள். எப்போதிலிருந்து இருக்கிறாள் என்றேன். நீங்க வந்ததுல இருந்து சார், உங்க பீரியட்ல மட்டும்தான் இருப்பா, கணக்கு பீரியட்ல இருக்க மாட்டா என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சுவரோரமிருந்து ஒரு சின்னக் குரல், அவ உங்களப் பாத்துப் பயப்படறா சார் என்றது.

ஹெட்மிஸ்ட்ரஸ் படங்களைப் பார்த்துவிட்டு, பசங்க பேசி வச்சு விளையாடுதுங்க சார், அந்த பெஞ்சைத் தூக்கி வெளியில போட்டுட்டா சரியாயிடும் என்றார். எனக்கு அதற்கு மனசு வரவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரச் சொன்னேன். எல்லோரும் மாறினார்கள், அந்த பெஞ்சுக்கு மட்டும் யாரும் போகவில்லை. அங்க ஆள் இருக்கு சார் என்றார்கள், பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டைப் பற்றிச் சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாக. கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்த வாயாடியிடம், எட்டிப் பாரு, அவ என்ன வரையறா என்றேன். அவள் எழுந்து, கழுத்தை நீட்டிக் காற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு சார வரையறா சார், ஆனா கை மட்டும் ரொம்பப் பெருசா இருக்கு என்றாள்.

பாப்பா, நான்காவதில் நீ என்னை வரைந்த அந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. வாத்தியார் மகளுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற வீம்பில் உன் படத்தைத் தூக்கிக் காட்டி, எப்படி வரையக்கூடாதுன்னு பாத்துக்கோங்க, கை ஆளை விடப் பெரிசு என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. நான் அதைக் கிழித்துப் போட்டு, உன்னை ஜன்னலோரம் அந்த பெஞ்சுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு நீ வரையவே இல்லை. வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்குக்கூட இரண்டு கோடு போட்டுக் காட்டாமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பாய், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அந்த வாயாடிக்குத் தெரிய வழியே இல்லை.

அன்று நீ முதல் வரிசையில் இருந்தாய். நான் உன் பக்கம் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பது பெரிதாகத்தான் தெரியும், பாடத்தில் நானே சொல்வதுதான். நீ கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே வரைந்தாய்.

அத்தனை பிள்ளைகள் முன்னால் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன். உன் படத்துல தப்பே இல்லம்மா, பாக்கத் தெரியாதவன் நான்தான், என்னை மன்னிச்சிடு என்றேன். வெட்கமாகக்கூட இல்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சார், எந்திரிச்சுட்டா என்றான் ஒருவன். அத்தனை தலைகளும் ஜன்னல் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பி வந்தன, வரிசை வரிசையாக, என் வரைக்கும் வந்து நின்றன. எங்கே போகிறாள் என்றேன். உங்க பின்னாடிதான் சார் நிக்கறா, சட்டையைப் புடிச்சுக்கிட்டு என்றாள் வாயாடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லையா, பார்த்தால் போய்விடுவாளோ என்ற பயமா, இன்றைக்கும் தெரியவில்லை.

அன்று மதியம் வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன், என் நடைக்குச் சின்னக் கால்கள் ஈடுகொடுக்க முடியாது. கதவைத் திறந்த அம்மா, யாரோட பேசிட்டு வரீங்க என்று கேட்டாள். மூன்று வாரமாகிறது. இப்போது பிள்ளைகள் அந்த பெஞ்சைக் காலியாகத்தான் வரைகிறார்கள், தச்சரை வரவழைத்துக் காலையும் சரிசெய்தாயிற்று. நம் வீட்டில்தான், உன் அறை மேசையில் காலையில் பென்சில் சீவிய துகள் கிடக்கிறது. நான் சீவவில்லை. தம்பி அந்தப் பக்கமே போவதில்லை. அம்மா பெருக்கி எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குப் பயமாக இல்லை பாப்பா, உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

நீ நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு, நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி இரு. நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் காதை டாக்டரிடம் காட்டு. விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, எப்போதும் போல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காதே. இரண்டு நாள் முன்னால் எழுதிவிடு. அந்தச் சின்னவளிடம் சொல்லி வைக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா