அண்ணன் எழுதாமல் விட்டது

ஜூன் 3, செவ்வாய்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் எட்டு மணி நேரம், அதன்பின் மாலை வகுப்பு. நாற்பத்தாறு வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதக் கிளம்பியவள் தூங்கி வழியக் கூடாதே என்று கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று நாடகப் பாடம். ஒரு தளபதி சபையைத் தன் பக்கம் இழுக்கிறான். 'நான் யார் தெரியுமா' என்று கொஞ்சம், நியாயங்களை அடுக்கிக் கொஞ்சம், கண்ணைக் கசக்கிக் கொஞ்சம். மூன்றுக்கும் மூன்று கலர் பென்சிலால் கோடு போடச் சொன்னார் டீச்சர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

ஜூன் 5, வியாழன்

அண்ணனிடமிருந்து கடிதம். ஐந்து மாதமாக அவன் போனை நான் எடுப்பதில்லை, அதனால் கடிதம். அம்மாவைத் தன்னிடம் அனுப்ப வேண்டுமாம்! அப்பா போனதிலிருந்து ஒன்பது வருடமாக அம்மா என்னோடுதான். ஜனவரியில் அவள் கால் ஒடிந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது என்ன பாசம் பொத்துக்கொண்டு வருகிறது?

அம்மாவுக்குக் கண் மங்கல், நான்தான் படித்துக் காட்டினேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

கலர் பென்சில்களோடு கடிதத்தில் இறங்கினேன். 'மூத்தவன் நான் சொல்கிறேன்' — சிவப்பு. 'இங்கே மாடிப்படி இல்லை, ஆஸ்பத்திரி பக்கம்' — நீலம். 'அம்மா மடியில் தலை வைத்து எத்தனை வருஷம்' — பச்சை. மாட்டிக்கொண்டாயா! தளபதி தோற்றான் போ.

அனுப்ப மாட்டேன். அம்மா இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒரு சிறுகதை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஒருவன் மழையைப் பற்றிப் பேசுகிறான், செருப்பு அறுந்ததைப் பற்றிப் பேசுகிறான். "அவன் பேசினதெல்லாம் படிச்சீங்க. எதைப் பேசல?" என்று கேட்டார் டீச்சர். அங்கே படுத்திருக்கும் குழந்தையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

பேருந்தில் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'நானே சமைத்துப் போடுவேன்.' 'நானே துவைத்துப் போடுவேன்.' 'உள்ளறை காலியாகத்தான் கிடக்கிறது.' இரண்டு பக்கத்தில் அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணி தும்மினால்கூட சொல்கிறவன்.



ஜூன் 11, புதன்

போன் செய்தேன். "சாப்டியாண்ணே?" என்றேன். ஏதோ சாப்பிட்டானாம்.

"அண்ணி எங்க?"

"போயிட்டா. நாலு மாசமாச்சு. அம்மா கால் ஒடிஞ்சப்பவே வீட்ல ரணகளம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ போனை எடுத்தாத்தானே."

அழுதான். இந்த அழுகைக்கு என்ன கலர் அடிப்பேன் நான்? சீ, என்ன தங்கச்சி நான்!

அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்கே தெரியும்டி. அவ பேச்சே எடுக்கலையே அவன்" என்றாள்.

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீதான் கலர் அடிச்சிட்டிருந்தியே. கோவம் ஆறட்டும்னு விட்டேன்."

"போறியா?"

"நீ அனுப்பினாப் போறேன்."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 14, சனி

பெட்டி கட்டியாயிற்று. மாத்திரை டப்பாவை மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவை விட்டுவிட்டு ஐந்து மணிப் பேருந்தில் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணன் இளைத்துத் துரும்பாகியிருந்தான். "வா" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

உள்ளறையில் அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு கட்டில். துவைத்த விரிப்பு, இரண்டு தலையணை. இரண்டு இல்லாமல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கம் வராது. நீயும் வந்து இரு என்று அவன் எழுதவும் இல்லை, இன்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

எங்கள் பல் டாக்டருக்குப் போன் செய்து ஒரு வாரம் லீவு கேட்டுவிட்டேன். இதை அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணி ஆறரை.