பெடலில் இல்லாத பழுது

என்னங்க,

பிள்ளைகள் சௌக்கியம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

ஷூ கம்பெனியில் என் தையல் மெஷினைப் பற்றி இரண்டு வருடமாகப் புலம்பினேனே, பெடல் அதிரவே இல்லை என்று. மெக்கானிக் யாசிர் மூன்று மெஷின் மாற்றிக் கொடுத்தார். "மெஷின் நல்லாத்தான் ஓடுதுக்கா, உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றார். அவரோடு சண்டைகூடப் போட்டேன். பழுது என் காலில் இருந்திருக்கிறது.

வேலூரில் டாக்டர், கவட்டை போன்ற ஒரு கம்பியைத் தட்டிக் கணுக்காலில் வைத்தார். "அதிர்றது தெரியுதாம்மா?" ரீங்காரம் காதில்தான் கேட்டது. தெரியுது என்றேன். அதிர்வை நிறுத்திவிட்டு மறுபடி வைத்துக் கேட்டார். அப்போதும் தெரியுது என்றேன்.

பிறகு கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். நரம்பின் மேலுறையை என் உடம்பே அரித்துவிட்டதாம். சீக்கிரம் வந்திருந்தால் மருந்தில் உறை வளர்ந்திருக்குமாம். இப்போது உள்நரம்பும் பட்டுப்போய்விட்டது. இனி போடும் ஊசியெல்லாம் மரமரப்பு கைக்கு ஏறாமல் இருக்கத்தானாம்.

கிறிஸ்துமஸுக்கு மஸ்கட்டிலிருந்து வந்ததும் வழக்கம்போல என் காலைப் பிடித்துவிடுவீர்கள். "இதமா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரி