நுரைக்காத தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

விடுதிப் போர்வைகளைத் துவைக்க நீ இரண்டு மடங்கு சோப்புத்தூள் கேட்டாயாம். "பாதிய வெளியில வித்துட்டியா?" என்றாராம் வார்டன். "குழாத்தண்ணி நுரைக்கவே மாட்டேங்குதுங்க" என்றாயாம் நீ. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பரிசோதனைக்கூடத் தாளைக் காட்டி உன்னை வேலையைவிட்டு அனுப்பியதாக அம்மா சொன்னாள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். சோப்பை நுரைக்கவிடாத கடினத்தன்மை அந்தத் தண்ணீரில் லிட்டருக்குத் தொள்ளாயிரம் மில்லிகிராம் வந்தது; அறுநூறைத் தாண்டக்கூடாது. "முந்நூறுன்னு போடும்மா. வேலைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகல, எதுக்கு வம்பு?" என்றார் அதிகாரி. அப்படியே போட்டேன்.

நீ ஊர்த்துணி துவைத்து என்னைப் படிக்கவைத்தது இதற்குத்தான்.

உண்மையான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் வேலை போய்விடும் என்று நீ அதைக் கிழித்துப்போடுவாய். அதனால் வார்டனுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன்.

உன் தங்கை