வேணும், வேணாம்

பரீட்சைக்காக மகள் மூலையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நம் நாட்டின் முக்கியத் தொழில்கள்: உழவு, பஞ்சாலை, சணல், இரும்பு, மறுபடி பஞ்சாலை.

"பஞ்சாலைய ரெண்டு வாட்டி சொல்லிட்டே" என்றேன்.

"நான் சத்தமாவா படிச்சேன், அப்பா?"

சத்தமாகப் படித்தாலும் எனக்குப் பாதிதான் கேட்கும். உதட்டைப் பார்த்துச் சொன்னேன். எட்டாவதில் கோட்டைவிட்டவனுக்கு இந்த ஒரு படிப்புதான் தேறியது. அது உன்னோடு தறிக்கூடத்தில் படித்த படிப்பு, மச்சான்.

மல்லேஸ்வரம் பக்கத்து அந்த மில்லில் தறிகள் ஓடும்போது காதோரம் கத்தினாலும் கேட்காது. சண்டையும் சிரிப்பும் உதட்டிலேயே நடக்கும். சேர்ந்த புதிதில் நீ டீ வேணாம் என்றாய். நான் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து நின்றேன். வேணும் என்றால் உதடு குவிய வேண்டும், வேணாம் என்றால் வாய் திறக்க வேண்டும். களைத்த வாயில் இரண்டும் ஒன்றுதான். அன்று மில் கேட்டுக்கு வெளியே வந்து சட்டம் போட்டாய்: "வேணாம்னா சொல்லிட்டுக் கண்ண மூடணும் மச்சான். உன்ன மாதிரி மக்குங்க இருக்காங்கல்ல." எங்கள் வரிசைத் தறிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினார்கள்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, கடைசியில் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் உனக்குக் குரலே போய்விட்டது. தொழிலாளி விழுந்தால் அவன் தறி மூத்த மகனுக்கு என்பது மில் வழக்கம். மேஸ்திரி கட்டில்காலருகே நின்று கேட்டார்: "பேக்கா, பேடவா? வேணுமா, வேணாமான்னு அவனையே கேளப்பா. இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் வாயால ஒரு வார்த்த வாங்கிக் குடுங்கண்ணே. வீட்ல அடுப்பு எரியணும்."

உன் மகன் சுவரோரம் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றான்.

நான் குனிந்து, தறிக்கூடத்தில் பேசுவதுபோல் சத்தமில்லாமல் கேட்டேன்: "பையனுக்கு மில்லு வேணுமா, மச்சான்?"

உன் உதட்டில் 'வே' தெரிந்தது. மிச்சத்தை இருமல் தின்றுவிட்டது. பிறகு கண்ணை மூடினாய்.

"வேணாங்கிறான்" என்றேன்.

நீ கண்ணைத் திறக்கவேயில்லை.

உன் வீட்டுக்காரி ஊதுவத்தி உருட்டிப் பையனைப் படிக்கவைத்தாள். விரலெல்லாம் கரியாகிவிட்டது. பல வருஷம் என் முகத்தில் விழிக்கவில்லை; விழிக்கும்படியான முகமும் இல்லை, அது வேறு விஷயம். பையன் இப்போது விமானம் செய்யும் தொழிற்சாலையில் தகட்டில் ஆணி அறைகிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "கொஞ்சம் என் பக்கம் திரும்பிப் பேசுங்க மாமா" என்றான். உதட்டைப் பார்க்க வேண்டுமாம். காதை அங்கே கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் மூச்சு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அவன் இருமினால் நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

அன்று சொன்னது நீயா, இல்லை சாவு உன் கண்ணை மூடியதா, மச்சான்? சட்டம் போட்டவன் இதற்கு ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

வீட்டில் காபி நீட்டும்போது வேணாம் என்று சொன்னால், எனக்கு இன்றும் கண் தானாக மூடிக்கொள்கிறது. "ஒரு வாய் காபிக்கு என்னங்க இந்த தியானம்?" என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். நானும் சிரித்துவைக்கிறேன். மூடிய கண்ணை மட்டும் உடனே திறந்துவிடுகிறேன்.