ஓடையைத் தாண்டத் தெரியாத வண்டிகள்

எப்போதும் ஏதோ ஒரு அவசரத்தில் இருந்த என் சரசு அக்காவுக்கு,

உன் வீட்டுக்காரர் வண்டி வாங்கப் போன கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீ சிரிக்க மாட்டாய். "அந்த மனுசனப் பத்தி எங்கிட்டப் பேசாத மல்லிகா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாய். பிறகு நீயே உட்கார்ந்து பொழுது சாயும்வரை அவரைப் பற்றிப் பேசுவாய்.

பனமரத்துப்பட்டியைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, ஓடையைக் கடந்தால்தான் உன் தோட்டம். வெயில் காலத்தில் அது வெறும் தடம். மழை பெய்துவிட்டால் களிமண் குழம்பு. போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் உனக்கு நெஞ்சு வலி வந்தபோது மாமாவின் கார் அதில்தான் புதைந்தது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சேலம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் காதில் கிடக்கிறது.

நீ எத்தனை முறை கேட்டிருப்பாய் அக்கா? ஓடைக்குக் குழாய் போட்டு மேலே கான்கிரீட் போடச் சொன்னாய். அது முடியாவிட்டால் ஒரு பழைய ஜீப்பாவது வாங்கச் சொன்னாய். "எங்கப்பன் காலத்துல இருந்து மாட்டு வண்டி போற தடம், காரு போவாதா?" என்று கேட்டவர் அவர். சவ்வரிசி ஆலையில் பங்கு இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, கோயில் கமிட்டியில் நாற்காலி இருக்கிறது. ஓடையில் போட நாலு குழாய்க்கு மட்டும் மனசு இல்லை.

உன் கருமாதி அன்று எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே சொன்னார்: "இந்த ஓடையத் தாண்டற வண்டி ஒண்ணு வாங்காம உடமாட்டேன்." கூட்டம் உருகிப்போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவளுக்கு எதற்கு வண்டி?

பிறகு அதையும் மறந்துவிட்டார். உன் மகள் நித்யாவுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உன் மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். நான் நித்யாவைச் சங்ககிரிக்கு என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. "இல்லீங் சித்தி. அம்மா இருந்த ஊட்லயே இருக்கறேன்" என்றாள். அவள் பிடிவாதம் யாருடையது என்று உனக்கே தெரியும்.

ஆக, மழைக்கு முன்னால் வண்டி வந்தாக வேண்டும். மாமா கிளம்பினார். புது வண்டி அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து, யாரோ பெரிய மனிதர்கள் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டுமாம். பாதி விலைக்கு முழுப் பெருமை கிடைக்கும் அல்லவா? துணைக்கு அவர் அக்கா மகன் மோகன். அவனிடம் சொந்தமாக இருப்பது ஒரு ஸ்கூட்டர். ஆனால் உலகத்தில் ஓடுகிற எல்லா வண்டியைப் பற்றியும் பேசுவான், அத்தனையும் செல்போனில் பார்த்தது. லாரி ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். என் பேச்சைக் கேட்பதற்கு அல்ல, பேரம் பேசுவதற்கு.

முதல் வண்டி சேலம் பைபாஸ் ஓரம் ஒரு கண்ணாடிக் கடையில் நின்றது. இங்கிலாந்து வண்டி, வெள்ளை. ஏசியில் வைத்திருந்தார்கள், பூக்கடை மல்லிகை மாதிரி. கடைக்காரப் பையன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு சீட்டைச் சூடாக்கிக் காட்டினான். நம் ஊர் வெயிலில், அக்கா, சூடாகிற சீட்டு. மாமா அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மோகன் கூரையைத் திறந்து மூடி வீடியோ எடுத்தான்.

"தம்பி, இது களிமண் ஓடையில எறங்கி ஏறுமுங்களா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மேடம், இவ்வளவு விலை குடுத்து வாங்கிட்டு யாருங்க ஓடைக்குப் போவாங்க?"

அந்தப் பயணம் முழுவதும் நான் கேட்ட ஒரே உண்மையான பேச்சு அதுதான். அந்த வண்டி காற்றுப் பையின் மேல் நிற்பதாம், பை ஓட்டையானால் தரையில் படுத்துவிடுமாம், பை வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். அதையும் பெருமையாகவே சொன்னான். மாமாவுக்கு இறங்க மனமில்லை. கையைப் பிடித்து இறக்கினேன்.

இரண்டாவது அயோத்தியாப்பட்டணம் பக்கம், தென்னந்தோப்புக்குள் கார் வாங்கி விற்கும் ஒருவரிடம். ஜெர்மன் வண்டி, கறுப்பு, பெங்களூரில் ஓடியது. எருமை மாதிரி உயரம். ஏறுவதற்கே படி வேண்டும். நிறைமாசக்காரி எப்படி ஏறுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. மாமா அதன் கதவை ஒருமுறை சாத்தினார், 'தொப்' என்று கனமாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்திலேயே விழுந்துவிட்டார்.

"கல்யாணத்துக்குப் போய் எறங்கினா எப்படி இருக்கும் மாமா!" என்றான் மோகன்.

பார், பேச்சு ஓடையிலிருந்து கல்யாணத்துக்கு வந்துவிட்டது.

நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ரிப்பேர் செலவுக்குப் பயந்து யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். பின் சக்கரம் இரண்டு மட்டும்தான் தள்ளும். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னேன்.

"இந்தா, நாலு சக்கர லைட்டு எரியுதுங்களே அத்தை" என்று மோகன் உள்ளே காட்டினான்.

"லைட்டு எரியும் சாமி. சக்கரம் சுத்தாது."

மாமா தொண்டையைச் செருமினார். "உனக்கு லாரி தெரியும் அம்மணி. இது வேற சமாச்சாரம்."

விற்கிறவர் குழைந்தார். "அதெல்லாம் ஒரு நாள் வேலைங்க. மாட்டிக் குடுத்துரலாமுங்க." எங்கே இருக்கிறது அந்தத் தண்டு என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாவது எங்கள் சங்ககிரியிலேயே, லாரிகளுக்கு நடுவே ஒரு யார்டில் கிடந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவரின் ஜப்பான் வண்டி. சாயம் போன பச்சை, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பின் கதவை ஒரு இடி இடித்தால்தான் சாத்தும். ஆனால் அடியில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முன் பக்கமும் இழுத்தது, பின் பக்கமும் தள்ளியது. பின் சீட்டை மடித்தால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

மோகன் வீடியோகூட எடுக்கவில்லை. "என்னங்க மாமா, இது ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு, "கறுப்பையே முடிச்சரலாம்" என்றார்.

கோபத்தில் நான் கடைக்குப் போய்விட்டேன். மனிதர்கள் இவ்வளவு கேவலமாக இருக்க முடியுமா என்று எண்ணிக்கொண்டே நட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவியைக் காவு வாங்கிய ஓடை வாசலில் இருக்கிறது, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள், இவருக்குக் கதவு சாத்துகிற சத்தம் நன்றாக இருக்க வேண்டும். நீ எப்படி இந்த மனிதரோடு குடும்பம் நடத்தினாய்? அவர் மறுத்த பிறகு ஒருநாளாவது மடக்கிக் கேட்டாயா? கேட்டிருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

கேட்டவள் நித்யா. அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாளாம்: "வாங்குங்கப்பா. ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம ஓடையில ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. நான் அந்தக் கரையில நின்னு பார்த்துக்கறேன்."

முதல் மழை பெய்த மறுநாள் கறுப்பு வண்டி வந்தது. விற்கிறவர் வரவில்லை, சாவியை மட்டும் மோகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல வெயில். மாமா சலவை வேட்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். வண்டி இறங்கியது, பாதியில் நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் களியை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. முன் சக்கரங்கள் கோயில் யானை மாதிரி சும்மா நின்றன. நாலு சக்கர லைட் எரிந்துகொண்டே இருந்ததாம். மோகன் மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்தது.

நான் எதிர்க்கரையில் நித்யாவோடு நின்றேன். சிரிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். மாமா கதவைத் திறந்து இறங்கினார். முழங்கால்வரை களி. அங்கிருந்து நகரவில்லை. உன் கட்டிலைத் தூக்கியவர்கள் கால் வழுக்கி நின்ற இடம் அது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா, மேல வாங்க" என்றாள் நித்யா.

கரைக்கு ஏறி வந்து என்னிடம் சொன்னார்: "மல்லிகா, அந்தப் பச்சை வண்டிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

கறுப்பு எருமையை டிராக்டர் வைத்து இழுத்தோம். பச்சை வண்டியை நானே ஓட்டி வந்தேன். ஓடையில் இறங்கியதும் லோ கியரில் போட்டேன். அவசரமே இல்லாமல் இறங்கி, அவசரமே இல்லாமல் ஏறியது.

அதற்குப் பிறகு மழை விடவில்லை. நானும் கடையை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே தங்கினேன். ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, நித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சித்தி, வலிக்குதுங்" என்றாள். ஓடையில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. மாமாதான் வண்டியை எடுத்தார். கரைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியல அம்மணி. நீ ஓட்டு."

இடம் மாறினோம். அவர் பின்னால் போய் நித்யாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கதவுக்குக் கீழே இடித்தது. நடுவில் ஒரு பக்கம் வழுக்கியது, முன் சக்கரம் பிடித்து இழுத்துக்கொண்டது. பின்னாலிருந்து அவர், "ஒண்ணுமில்ல கண்ணு, தாண்டிட்டோம், தாண்டிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. அவர் உன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீ அம்மாயி ஆகிவிட்டாய், அக்கா. பெண் குழந்தை. நல்ல கறுப்பு, நல்ல குரல். பிறந்த அன்றே நர்ஸைத் திட்டுகிற மாதிரி கத்தினாள். யாருடைய ஜாடை என்று நான் சொல்ல வேண்டுமா?

கோபம் வராமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். இப்போது உன் வீட்டுக்காரர் அந்தப் பச்சை வண்டியில்தான் கல்யாணங்களுக்குப் போகிறார். "நாந்தான் தேடிப் புடிச்சது. எல்லாரும் வேண்டாம்னாங்க, நான் உடல" என்று பந்தியில் சொல்கிறார். மோகன் அதை வீடியோ எடுத்து, பழைய வண்டியின் அருமை பற்றிப் பாடம் நடத்துகிறான். நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "குழாய் எப்பங்க மாமா போடறீங்க?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அதான் வண்டி வந்துருச்சே அம்மணி" என்றார்.

கேட்டாயா? உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த மரவள்ளிக்காட்டு ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் அதே ஓடையில்தான் சேலையையும் பையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஜப்பானிலிருந்து வண்டி வருமா? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கத் தெரிந்த மனிதருக்கு, கால் நனையாமல் நடக்க ஒரு வழி கட்டத் தோன்றவில்லை.

நித்யாவும் நானும் பேசிவிட்டோம். தோட்டத்தில் பாதி உன் பேரில் இருந்தது, இப்போது அவள் பேரில் இருக்கிறது. இந்த வருடத்து மரவள்ளியை அவள் பங்காக அவளே விற்கப் போகிறாள். குழாய் ஏற்றிவர லாரிக்கு நான் சொல்லிவிட்டேன். மாமாவிடம் நாங்கள் அனுமதி கேட்கப் போவதில்லை. தெரிந்தால் குறுக்கே வருவார். கட்டி முடித்ததும் திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், மாலைகூட வாங்கிக்கொள்வார். நிற்கட்டும்.

அடுத்த மழைக்கு முன்னால் உன் ஓடையின் மேல் பாலம் நிற்கும். இது என் வாக்கு. அதுவரைக்கும் உன் வீட்டுக்காரரை நான் மன்னிக்கப் போவதில்லை. கட்டிய பிறகும் யோசித்துத்தான் சொல்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் கோபத்தையும் சேர்த்து வைத்திருக்கும்
உன் தங்கச்சி மல்லிகா